நாற்பதில் பதினைந்து

இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் மூன்றாவது முறையாகப் புரட்டி முடித்தபோது ஷாஹிந்தாவின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பொய். எல்லாம் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் தேநீரும் மறு கையில் பேனாவுமாக எழுதிய பொய்.

எகிப்தில் தந்தா நகரத்துக்கு வெளியே ஹாஜி ஃபிக்ரியின் பட்டறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் செய்கிறார்கள். ஒரு பெட்டியில் நாற்பது முட்டை வைக்கலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளியே வரும். மொட்டை மாடியில் கோழியும் வாத்தும் வளர்க்கிற சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள்தான் வாங்குகிறவர்கள். ஹாஜி இரண்டு வருடத்துக்கு முன் கெய்ரோவில் ஒரு கண்காட்சிக்குப் போனார். போகும்போது நல்ல மனுஷராகத்தான் போனார். திரும்பி வந்தபோது, வாங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் பொருளைத் திருத்த வேண்டும் என்று ஒரு புதுப் பித்தோடு வந்தார். அந்தப் பித்துக்கு ஒரு மேசையும் ஒரு கணினியும் ஒதுக்கினார். அந்த மேசையில் உட்கார்ந்தவள்தான் ஷாஹிந்தா. வணிகவியல் படித்தவள், முப்பத்தெட்டு வயது, எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதவள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் 'அப்லா', அதாவது அக்கா.

வேலை என்னவோ எளிமையானதுதான். சப்ரீன் என்கிற பெண் ஊர் ஊராகப் போய், பெட்டி வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு வருவாள். ஷாஹிந்தா குறைகளைத் தொகுத்து, எத்தனை பேர் சொன்னார்கள், எவ்வளவு கெடுதல் என்று பார்த்து, வரிசைப்படுத்துவாள். முதலிடத்தில் வருகிற ஒரே ஒரு குறையை மட்டும் அந்த வருடம் சரிசெய்வார்கள். புது அச்சு வார்க்க வேண்டும் என்பதால் வருடத்துக்கு ஒரு மாற்றத்துக்குமேல் பட்டறை தாங்காது. அதையும் குளிர்காலக் கடைசியில் வருகிற அம்ஷீர் மாதக் காற்று ஓய்வதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். வசந்தம் வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் முட்டை வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். வரிசை தப்பினால் வருடமே தப்பியது.

இந்த வருட வரிசையில் முதலிடத்தில் நின்றது இது: குஞ்சு சரியாகப் பொரிவதில்லை. சொன்னவர்கள் நூற்று எண்பத்தேழு பேர்.

நாற்பதில் பதினைந்து. அடுத்த தாள், நாற்பதில் பதினைந்து. அடுத்ததும் பதினைந்து. இடையில் ஒருத்தி பன்னிரண்டு, ஒருத்தி பதினாறு. மறுபடி பதினைந்து, பதினைந்து, பதினைந்து. கடைசியில் மூன்று, பூஜ்யம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்ன பத்துப் பன்னிரண்டு பேர். அதற்கும் கீழே, ஒப்புக்குச் சில ஆசைகள்: பச்சை நிறத்தில் வேண்டும், ஒன்பது பேர். கண்ணாடிக்கு முன்னால் ஒரு கதவு வேண்டும், பதினொரு பேர். மின்கம்பி இன்னும் நீளமாக வேண்டும், பதினான்கு பேர். அந்த மூன்றையும் ஷாஹிந்தா 'அலங்காரம்' என்று எழுதி அடித்துவிட்டாள்.

இன்ஜினியர் வக்தி சூரியகாந்தி விதை கொறித்தபடி அவள் மேசைப் பக்கம் வந்து நின்றான். பெட்டியின் சூடேற்றும் பகுதி அவன் செய்தது. முன்பக்கத்தில் கண்ணாடி வைத்து உள்ளே விளக்கு போட்டதும் அவன்தான். நகைக்கடை ஜன்னல் மாதிரி ஜொலிக்கும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனே சொல்லிக்கொள்வான்.

"நாப்பதுல பதினஞ்சா? என் ஹீட்டர்லயா? இங்க பட்டறையில வெச்சுப் பாத்தப்போ முப்பத்தாறு வந்துச்சு அப்லா, உங்க கண்ணு முன்னாலதான் வந்துச்சு."

"பாத்தேன் வக்தி. அதான் எனக்கும் இடிக்குது."

"இடிக்கும்தானே. வேலை செய்யலன்னு எத்தனை பெட்டி திரும்பி வந்திருக்கு? நாலு. தொள்ளாயிரம் பெட்டி வித்ததுல நாலு. பாதிக்கு மேல முட்டை கூமுட்டையாப் போனா சும்மா இருப்பாங்களா இவங்க? பெட்டியைத் தூக்கிட்டு வந்து ஹாஜி தலையில போட மாட்டாங்க?" விதைத் தோலை உள்ளங்கையில் துப்பினான். "சப்ரீனோட சித்தி மகன் எங்க வேலை பாக்கறான் தெரியுமா? பின்னாடி தெருவுல, நமக்குப் போட்டியா வந்த அந்தப் புதுப் பட்டறையில. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா தெரிஞ்சுக்கோங்கனு சொன்னேன்."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிற ஆட்களில் அவன் ஒருவன். ஷாஹிந்தாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் சொன்னது காதில் தங்கிவிட்டது.

அவள் விற்பனைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அங்கே இன்னொரு விசித்திரம் காத்திருந்தது. கஃப்ர் ஹம்மாத் என்கிற கிராமத்தில் ஒருத்திகூட நல்ல வார்த்தை சொல்லவில்லை; கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் பதினைந்து. போன வருடம் அந்த ஊரில் விற்றது ஆறு பெட்டி. இந்த வருடம் நாற்பத்தொன்று. திட்டிக்கொண்டே வரிசையில் நின்று வாங்குகிறார்களா? உலகத்தில் எங்கேயாவது நடக்குமா? அதிகமாகக் குறை சொன்ன ஊரெல்லாம் அதிகமாக வாங்கிய ஊராக இருந்தது. தாள்களுக்கும் ஊர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அத்தனைக்கும் மேல் பழைய ஞாபகம் ஒன்று வந்து சேர்ந்தது. படிவத்தை முதன்முதலாகக் கொடுத்த அன்றைக்கே சப்ரீன் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள். எத்தனை குஞ்சு பொரிந்தது என்கிற கட்டம் அது.

"இந்தக் கேள்வி மட்டும் வேணாமே அப்லா. இதைக் கேட்டா மூஞ்சி சுருங்கிடும். சொல்லவும் மாட்டாங்க."

"நம்பர் இல்லாம நான் எதை வெச்சு வரிசை போடறது? கேளு, சொல்வாங்க."

எண்ணிக்கைக் கட்டத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? போகாமலேயே எழுத நினைக்கிறவள்தான். அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஷாஹிந்தா பல்லைக் கடித்தாள்.

மறுநாள் காலையில் சப்ரீன் வந்தாள். காலணியெல்லாம் வயல் சேறு. அந்தச் சேறுகூட ஷாஹிந்தாவின் கண்ணுக்கு வேண்டுமென்றே பூசிக்கொண்டு வந்தது மாதிரிதான் பட்டது. சந்தேகம் ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் எதையும் விட்டுவைக்காது.

"உட்காரு. இந்தத் தாள் எல்லாம் நீ எழுதினதுதானே?"

"நான்தான் அப்லா."

"நூத்துக்கும் மேல பொம்பளைங்க. வேற வேற ஊரு. வேற வேற வீடு. எல்லார் வீட்டுலயும் பதினஞ்சே பதினஞ்சு குஞ்சு. கோழிங்க எல்லாம் சேந்து கூட்டம் போட்டு முடிவு பண்ணுச்சா?"

சப்ரீன் சிரிக்கவில்லை. "அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"எல்லாரும் பதினஞ்சுன்னா சொன்னாங்க?"

"சொன்னதைத்தான் எழுதினேன் அப்லா. அன்னிக்கே சொன்னேன் இல்ல, அந்தக் கட்டம் வேணாம்னு."

"உன் சித்தி மகன் எங்க வேலை செய்யறான்?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடுகிற மாதிரி சப்ரீன் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தாள். கிடைத்துவிட்டது போலிருக்கிறது. எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவன் அங்க லாரியில ஏத்தி இறக்கறான். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது." கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "ரெண்டு வருஷமா வெயில்லயும் சேத்துலயும் நடந்திருக்கேன். ஒரு தடவை என்கூட வந்திருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டீங்க."

ஷாஹிந்தா அன்றைக்கே ஹாஜியிடம் சொன்னாள். ஹாஜி தாடியைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பட்டறையில் பேச்சு குறைந்தவர் அவர்; முடிவு மட்டும் சட்டென்று வரும்.

"உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் ஹாஜி."

"சரி, நாளையிலேர்ந்து அந்தப் பொண்ணை வர வேணாம்னு சொல்லிடு. ஆனா எனக்கு வரிசை வேணும். அம்ஷீர் முடிய பதினோரு நாள்தான் இருக்கு. நீயே போய்க் கேட்டுட்டு வா."

சப்ரீனின் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஷாஹிந்தாவுக்கும் தெரியும். தொலைபேசியில் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை இல்லை. குற்றம் செய்தவள் அப்படித்தான் மௌனமாக இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை வைத்தாள்.

இரண்டாம் நாள் மினிபஸ் ஏறி கஃப்ர் ஹம்மாத்துக்குப் போய் இறங்கினாள். கையில் புதுப் படிவங்கள். முதல் வீட்டுப் பெண் வாசலிலேயே கேட்டாள்: "சப்ரீன் வரலியா?"

"அவ லீவுல இருக்கா."

பொய்யைப் பிடிக்கக் கிளம்பி வந்தவள் வாசல்படியில் கால் வைக்கும் முன்னாலேயே ஒரு பொய் சொல்லியாயிற்று.

உள்ளே உட்கார்ந்து, தேநீர் குடித்து, ஊர்க் கதை பேசி, மூன்றாம் கட்டத்துக்கு வந்தாள். அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பதினஞ்சு."

ஷாஹிந்தாவின் பேனா அப்படியே நின்றது. இரண்டாம் வீட்டிலும் பதினைந்து. மூன்றாம் வீட்டில் ஒரு கிழவி, "எத்தனைன்னு சொல்றது தாயி, ஏதோ ஒரு பதினஞ்சு வந்திருக்கும்" என்றாள். ஆனால் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் தோற்காது. வேறு வீட்டுக்குக் குடிபோய்விடும். சப்ரீன் முன்கூட்டியே வந்து சொல்லிக்கொடுத்திருக்கிறாள். யார் வந்து கேட்டாலும் பதினைந்து என்று சொல்லுங்கள் என்று ஊரையே பழக்கி வைத்திருக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான்காவது வீடு உம்மு ஷலபியின் வீடு. கனத்த உடம்பு, கணீர்க் குரல், வாய் ஓயாத பேச்சு. ஷாஹிந்தாவை உள் அறையில் உட்காரவைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். அறையின் மூலையில் ஒரு ஸ்டூலின்மேல் ஏதோ ஒன்று, தலையிலிருந்து கால்வரை ஒற்றைக் கம்பளி போர்த்தப்பட்டு நின்றது. அதற்குள்ளிருந்து கீச்சு கீச்சென்று சத்தம். பதினைந்து குஞ்சு போடுகிற சத்தம் இல்லை அது.

ஷாஹிந்தா எழுந்து போய்க் கம்பளியைத் தூக்கினாள்.

வக்தியின் விளக்கு வெளிச்சத்தில், வக்தியின் கண்ணாடிக்குப் பின்னால், ஈரம் உலர்ந்தும் உலராமலும் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இடம் போதாமல். அவள் விரலை நீட்டி எண்ணினாள். எண்ணிப் பார்க்காமல் நம்பாதவள் அல்லவா, வாய்விட்டே எண்ணினாள்.

"முப்பத்தஞ்சு... முப்பத்தாறு... முப்பத்தேழு..."

பின்னால் தட்டு கலகலத்தது. உம்மு ஷலபி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ரத்தமே இல்லாத முகம்.

"சொல்லு!"

"என்ன சொல்ல?"

"மாஷா அல்லாஹ் சொல்லு! வாயைத் திறந்து சொல்லுடி முதல்ல!"

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஷாஹிந்தா.

"எண்ணிட்டியா? விரலை நீட்டி எண்ணியே புட்டியா?" தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்து கம்பளியைப் பிடுங்கிப் பெட்டியைப் போர்த்தினாள். கண்ணேறு கழிய ஐந்து விரலையும் விரித்து ஷாஹிந்தாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அடுப்பிலிருந்து கங்கு கொண்டுவந்து அதில் படிகாரத் துண்டைப் போட்டாள். அது பொரிந்து பொங்கியது. பொங்கி முடிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

"படிச்ச பொம்பளை. தந்தா டவுன்லேர்ந்து வர்ற. அடுத்தவ வீட்டுல குஞ்சை எண்ணக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லித் தரலியா?"

"நீங்க... பதினஞ்சுன்னு எழுதச் சொன்னீங்களே, சப்ரீன்கிட்ட."

"வேற என்ன சொல்வாங்க? முப்பத்தேழுன்னு சொல்லி, அதை நீ பேப்பர்ல எழுதி, ஆபீஸ்ல பத்துப் பேரு படிச்சு, அத்தனை கண்ணும் என் குஞ்சு மேல விழணுமா?" உம்மு ஷலபி தேநீர்க் கோப்பையை அவள் கையில் திணித்தாள். கோபத்திலும் விருந்தாளிக்குத் தேநீர் தராமல் விடுகிற ஊர் இல்லை அது. "அந்தப் பொண்ணுக்கு இருக்கற நாகரிகம் உனக்கு இல்ல. எத்தனை தடவை வந்திருக்கா! ஒரு நாளும் பெட்டியைப் பாத்து உக்காந்ததில்ல. முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் உக்காருவா. 'மேல இருக்கறவங்க கட்டம் போட்டு வெச்சிருக்காங்க அத்தை, வெறுங்கட்டமா கொண்டுபோனா திட்டுவாங்க, வாய்க்கு வந்த நம்பர் ஒண்ணு சொல்லுங்க'ன்னு கெஞ்சுவா."

"அது ஏன் பதினஞ்சு?"

"பத்துன்னா உங்க பெட்டிக்கு அவமானம். இருபதுன்னா பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்காது. பதினஞ்சுன்னா யாருக்கும் வயிறு எரியாது. இது ஒரு பெரிய கணக்கா?"

ஷாஹிந்தா கோப்பையைக் கீழே வைத்தாள். போன வருடம் அவள் மகன் மேல்நிலைத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினான். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது என்ன சொன்னாள்? "ஏதோ, ஃபெயில் ஆகாம தப்பிச்சான்." சொல்லிவிட்டு மூன்று நாள் சிரித்த முகத்தோடு நடமாடினாள். வீட்டில் இருக்கும்போது தெரிந்த விஷயம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோயிருக்கிறது. திட்டிக்கொண்டே வாங்குகிறார்களா என்று சிரித்தாளே, திட்டியதே பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்பதால்தான். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூட உரிமை இல்லாத இடம் என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த வீட்டில் அத்தியாத் என்கிற ஒல்லியான பெண். படிவத்தை எடுக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"மூணு. நாப்பது வெச்சேன், மூணு. உள்ள வந்து பாரு, பாரு."

தானே கம்பளியை விலக்கிக் காட்டினாள். இவளிடம் மறைக்க எதுவும் மிச்சமில்லை. போனதைப் பார்த்து யார் கண் வைக்கப்போகிறார்கள்? உள்ளே கருகிய வாடை. ஷாஹிந்தா கம்பளியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். உம்மு ஷலபி வீட்டில் ஒற்றைக் கம்பளி; இது இரண்டு மடிப்பு, கனமான ஒட்டக ரோமம், காற்றே புகாது. பெட்டியின் பக்கவாட்டில் காற்று போக வக்தி வைத்திருந்த துளைகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாத் துளையும் இந்தக் கம்பளிக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

"எப்பவும் இப்படிப் போர்த்தியேவா வெச்சிருப்பீங்க?"

"பின்ன? முன்னாடி கண்ணாடி, உள்ள லைட்டு. வர்றவ போறவ எல்லாம் உத்து உத்துப் பாக்கறா. கடைத்தெருவுல வெச்ச மாதிரி. மெல்லிசு துணி போட்டா லைட்டு தெரியுது, அதான் கம்பளி." அத்தியாத் பெருமூச்சு விட்டாள். "கண்ணாடிக்கு முன்னாடி ஒரு கதவு வெச்சுக் குடுங்கன்னு சப்ரீன்கிட்ட சொன்னேன். எழுதிக்கிட்டா. உங்க ஆபீஸ்ல யாரும் படிக்கலியா?"

படித்திருந்தாள். படித்து, அலங்காரம் என்று எழுதி, அடித்திருந்தாள்.

அன்று மாலை பட்டறைக்குத் திரும்பியதும் பழைய தாள்களை மறுபடி எடுத்தாள். கதவு கேட்ட பதினொரு பேரையும் தனியாகப் பிரித்தாள். அவர்களுடைய மூன்றாம் கட்டத்தில் பதினைந்து இல்லை. மூன்று. பூஜ்யம். ஏழு. நான்கு. இரண்டு. பூஜ்யம். முட்டையைத் தொலைத்தவர்கள் மட்டும்தான் உண்மையான எண்ணைச் சொல்லியிருந்தார்கள், அவர்கள் மட்டும்தான் என்ன வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். பதினைந்து என்று பொய் சொன்னவர்களின் பெருங்கூட்டத்துக்கு அடியில் அந்தப் பதினொரு பேரை அவளே கடைசியில் தள்ளி வைத்திருந்தாள்.

ஹாஜியின் அறையில் வக்தி கொதித்தான்.

"கண்ணாடிக்குக் கதவா? அப்புறம் கண்ணாடி எதுக்கு? விளக்கு எதுக்கு? கல்யாணப் பொண்ணுக்கு நகை போட்டுப் பீப்பாய்க்குள்ள உக்கார வெச்ச மாதிரி!"

"கதவைத் திறந்தா அவளுக்கு மட்டும் தெரியும், மூடினா யாருக்கும் தெரியாது," என்றாள் ஷாஹிந்தா. "காத்துத் துளையைப் பின்பக்கம் மாத்திடுங்க. உங்க ஹீட்டர்ல ஒரு குறையும் இல்ல வக்தி. நான்தான் தப்பா வரிசை போட்டேன்."

ஹாஜி வக்தியைக் கையமர்த்தினார்.

"என் வீட்டுலயும் நம்ம பெட்டிதான் இருக்கு," என்றார். "என் பொஞ்சாதி அது மேல ஜமக்காளத்தைப் போட்டுத்தான் வெச்சிருக்கா. ரெண்டு வருஷமா தினம் பாக்கறேன். ஏன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. கெய்ரோ வரைக்கும் போய்க் கத்துக்கிட்டு வந்தேன் நான்." வக்தியைப் பார்த்தார். "கதவு வை."

பிறகு ஷாஹிந்தாவின் பக்கம் திரும்பினார். "நிச்சயமா தெரியும்னு நீதானே சொன்னே. நீயே போய்க் கூப்பிட்டுக்கிட்டு வா."

மறுநாளே போனாள். சப்ரீன் கதவைத் திறந்து, ஆச்சரியப்படாமல், உள்ளே வரச் சொன்னாள். உட்காரவைத்தாள். தேநீரும் எள் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஷாஹிந்தா வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். தான் செய்தது அநியாயம் என்றும், உம்மு ஷலபி வீட்டில் நடந்ததையும், பதினொரு தாளையும், ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பரவால்ல அப்லா," என்றாள் சப்ரீன். "மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

"வேலைக்கு வருவியா?"

"வரேன். எனக்கு வேலை வேணுமே."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள். ஷாஹிந்தா மூன்றாம் கட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதுப் படிவம் அடித்திருந்தாள். எது தொந்தரவு, எதனால், அவ்வளவுதான். கதவு வைத்த பெட்டிகள் வசந்தத்தில் விற்பனைக்குப் போயின. வெயில் ஏறத் தொடங்கியபோது சப்ரீன் நூற்று முப்பது தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அடுத்த வருடம் எதை மாற்றுவது என்று இந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஷாஹிந்தா ஆவலோடு படிக்க ஆரம்பித்தாள். கதவு பிடித்திருக்கிறது என்றார்கள் பலர். சிலருக்குக் கைப்பிடி சின்னதாக இருந்தது. சிலருக்குத் தண்ணீர்த் தட்டு ஆழம் போதவில்லை. ஓர் ஊரில் சொன்னது இன்னோர் ஊரில் திரும்ப வரவில்லை. நன்றாக விற்ற ஊரில் நல்ல வார்த்தை, விற்காத ஊரில் குறை. எங்கேயும் எதுவும் இடிக்கவில்லை. வக்திகூட நாலு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒழுங்கா வேலை செய்யறா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் திரும்பப் படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். இந்தத் தடவை பழைய மாதிரி ஒரு பதினைந்து, ஒரு கிறுக்குத்தனம், நம்ப முடியாத ஒரே ஒரு வரி கிடைத்தால் போதும் என்று தேடினாள். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. உண்மையான ஊர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேசுமா?

சப்ரீனைக் கூப்பிட்டாள்.

"இதெல்லாம்... அவங்க சொன்னதுதானே?"

சப்ரீன் தாள்களைப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை; தையல்காரி உடுப்புக்கு அளவு கேட்கிற மாதிரி, பணிவாகத்தான் கேட்டாள்.

"எது உங்களுக்குச் சரியாப் படலைன்னு சொல்லுங்க அப்லா. மாத்தி எழுதிக்கிட்டு வரேன்."